பானைக்குக் கட்டிய நாப்பி

அத்தியாயம் 14

1990ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு பத்துக்கு, யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறைக்குப் போகும் மினிபஸ் கரம்பொன் சந்தியில் நின்று ஒரு மட்டைப் பெட்டியை இறக்கிவிட்டுப் போனது.

பெட்டியின் மேற்பக்கத்தில் தடித்த மையால் தியாகலிங்கத்தின் பெயர் எழுதியிருந்தது. பக்கவாட்டில் கொழுத்த வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று சிரித்தபடி தவழ்ந்தது. தியாகலிங்கம் அதைத் தூக்கிச் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினான்.

"என்ன தம்பி, ரீவியோ?" சந்திக் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த அரியநாயகம் மாஸ்ரர் கேட்டார்.

"இல்லை மாஸ்ரர். பிள்ளைக்கு நாப்பி. கடதாசியிலை செய்தது. மச்சாள் கனடாவிலையிருந்து கொண்டந்தவா."

"உவ்வளவோ? உங்களுக்குப் பிள்ளை ஒண்டுதானே பிறந்தது?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தியாகலிங்கமும் சிரித்தான். கடந்த பத்து நாட்களாக அவன் எதற்கும் சிரிக்கத் தயாராக இருந்தான்.

பத்து நாட்களுக்கு முன்புதான் தமையன் பரராசசிங்கத்தின் மனைவி சறோஜினிதேவி கனடாவிலிருந்து வந்து நல்லூரில் தன் தங்கை வீட்டில் இறங்கியிருந்தாள். எண்பத்துமூன்றுக் கலவரத்தில் தெற்கில் கடை எரிந்தபின் உடுத்த துணியோடு புறப்பட்ட குடும்பம் அது. இப்போது தமையன் எழுதியிருந்தான்: உன்னையும் பெண்சாதி பிள்ளையையும் கூப்பிடுகிறேன், பத்திரங்களைச் சறோஜாவிடம் கொடுத்துவிடு.

ஆனால் பரராசசிங்கம் மனைவி விரல் வைத்துக் காட்டும் இடத்தில்தான் கையெழுத்து வைப்பான் என்பது அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். சறோஜினிதேவி மனம் வைத்தால் மூன்று பேரும் போகலாம். மனம் வைக்காவிட்டால் இல்லை. அதற்கு இடையில் ஒன்றும் கிடையாது.

தியாகலிங்கம் கூட்டுறவுச் சங்கக் கடையில் கிளாக்கராக இருந்தான். இந்த மூன்று வருடத்தில் இரண்டு தடவை துவக்குக்காரர்கள் அவனை விசாரணைக்கென்று பிடித்துக்கொண்டு போய்த் திருப்பி விட்டிருந்தார்கள். இரண்டாம் தடவைக்குப் பிறகு அவனால் வீதிக்கு முதுகு காட்டி ஒரு கதிரையில் இருக்க முடிவதில்லை. பத்திரங்கள் போட்ட பழுப்பு நிறக் கடிதவுறையைப் பத்து நாட்களாகத் தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தான்.

இன்று பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள். துடக்குக் கழிவு, பிறப்புத் தீட்டுக் கழிக்கும் நாள். சறோஜினிதேவி வந்து பிள்ளையைப் பார்த்து, சாப்பிட்டு, கடிதவுறையை வாங்கிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தாள். நாளைக்குக் கொழும்பு ரெயில்.

அவன் வீட்டுக்கு வந்தபோது நாகபூசணி கிணற்றடியில் பிள்ளையின் துண்டுகளைத் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பது நாளாக அதுதான் அவளுடைய வேலை. வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் உவர். அதில் தோய்த்தால் துணி காய்ந்ததும் விறைத்துப் போகும்; பிள்ளையின் தோலை அராவும். அதனால் சவர்க்காரம் போட்டு இங்கே தோய்த்துவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் ஊர் நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து இரண்டு வாளி எடுப்பித்து வைப்பாள். பிறகு பிழியாமல் உதறி வெயிலில் போடுவாள். பொழுதுபடுவதற்கு முன் எடுத்து, ஒவ்வொன்றாக விரித்து, எறும்பு பார்த்து மடிப்பாள். எல்லாம் பழஞ்சேலை, பழவேட்டி. முப்பத்தோராம் நாள் வரை பிள்ளையின் மேலில் புதுத்துணி படக்கூடாது.

"இஞ்சரும், இதைப் பாரும்," என்று தியாகலிங்கம் பெட்டியை இறக்கி மேல்மூடியைத் திறந்தான். "உள்ளுக்கை ஒரு கடிதத் துண்டும் வைச்சிருக்கிறா. பத்து மணிக்கு வாறாவாம். வரேக்கை பிள்ளைக்கு ஒண்டு கட்டியிருக்கட்டாம். படம் எடுத்துக்கொண்டு போய் அண்ணைக்குக் காட்டப் போறாவாம்."

நாகபூசணி ஒன்றை வெளியே எடுத்துப் பார்த்தாள். வெளிப்பக்கம் பிளாஸ்ரிக். உள்ளே பஞ்சுபோல வெள்ளை. இரண்டு பக்கமும் ஒட்டுகிற வார். கெட்டிக்காரச் சாமான்தான். மழை நாளில், பஸ் பயணத்தில், காய்ச்சல் நேரத்தில் ஒரு தாய்க்கு இது பெரிய ஆறுதலாக இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. சித்திரை வெயிலில் பிளாஸ்ரிக்குக்குள் பிள்ளையின் தொடை என்ன பாடுபடும் என்பதும் தெரிந்தது.

"கழட்டினபிறகு எங்கை போடுறது?" என்றாள்.

"அங்கை குப்பைக்கெண்டு லொறி வருமாம்."

"கரம்பொனுக்கும் வருமோ?"

"நாகம், இண்டைக்கு ஒருநாள். ஒரே ஒரு நாள். அவ போகுமட்டும். பிறகு நீர் உம்மடை சீலையைக் கட்டும், சாக்கைக் கட்டும். நான் வாய் திறக்கமாட்டன்."

நாகபூசணி கையைத் துடைத்தாள்.

"சரி. பெட்டியை முழுக்க உடையுங்கோ. எனக்கு வேணும்."

தியாகலிங்கத்தின் முகம் தெளிந்தது. பதின்மூன்று வருடம் அவளோடு குடும்பம் நடத்தியவன், அந்தச் 'சரி'யின் அர்த்தத்தைப் பிழையாக விளங்கிக்கொண்டு வாழைக்குலை வெட்டப் போனான்.

அவளுக்கு நினைவிருந்தது 1981ஆம் ஆண்டு ஆவணி மாதம்.

அப்போது சறோஜினிதேவி பிள்ளைப்பேற்றுக்காகத் தெற்கிலிருந்து வந்து, அப்போது மாமி இருந்த இதே வீட்டில் இருந்தாள். நாகபூசணி தன் தாய் வீட்டில் இருந்தாள்; கலியாணமாகி நாலு வருடம். வயிற்றில் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஆசைப்பட்டாள். தன் இரண்டு நூல் சேலைகளையும், இறந்துபோன தகப்பன் மார்க்கண்டுவின் வேட்டியையும் கிழித்துப் பதினெட்டுத் துண்டு செய்தாள். அந்த வேட்டி இருபது வருடம் தோய்த்துத் தோய்த்துப் பூவிதழ் மாதிரிப் போயிருந்தது. அவித்து, நல்ல தண்ணீரில் அலசி, மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

முப்பத்தோராம் நாள் பந்திக்கு உதவி செய்யக் குசினிக்குள் போனபோது, தண்ணீர்ப் பானைக்குக் கீழே அந்தத் துண்டுகளில் நாலு நனைந்து கிடந்தன. அடுப்படியில் ரசப்பானையைப் பிடித்து இறக்குவதற்கு இரண்டு. அதில் அப்புவின் வேட்டிக்கரை தெரிந்தது. பச்சைக் கரை.

யன்னலுக்கு அப்பால் சறோஜினிதேவி யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "பிள்ளையில்லாதவளின்ரை சீலை. என்ரை பிள்ளையின்ரை மேலிலை படலாமே?"

நாகபூசணி வாழையிலைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பந்தியில் பரிமாறினாள். தானும் இருந்து சாப்பிட்டாள். அந்த ரசத்தையும் விட்டுச் சாப்பிட்டாள். ஒன்பது வருடமாக அதன் சுவை நாக்கில் இருந்தது.

இப்போது அவள் பெட்டியோடு குசினிக்குள் போனாள்.

தண்ணீர்ப் பானை அதே மூலையில் அதே மூன்று கல்லின் மேல் இருந்தது. அது எப்போதும் கசியும். கீழே நாலு கடதாசி நாப்பிகளை விரித்தாள். ஒன்றைப் பானையின் அடியைச் சுற்றிக் கொடுத்து, வாரை இழுத்து ஒட்டினாள். நன்றாக ஒட்டியது. இரண்டை மடித்து அடுப்படியில், பானை பிடிக்கிற இடத்தில் வைத்தாள். ஒன்றால் லாம்பின் கரிபிடித்த கண்ணாடிச் சிமிலியைத் துடைத்து, கறுத்த பக்கம் தெரிய யன்னல் கம்பியில் கொழுவினாள். மிச்சப் பெட்டியை விறகுக்குப் பக்கத்தில் தள்ளினாள்.

துடக்குச் சீலைகளைத் தோய்க்க எடுத்துப்போக வந்த சீதேவி பின்கதவடியில் நின்று பார்த்தாள். இந்த வீட்டுக்கு முப்பது வருடமாகத் தோய்க்கிறவள்.

"இதென்ன தங்கச்சி? பானைக்குப் பிள்ளை பிறந்திருக்கோ?"

நாகபூசணிக்குச் சிரிப்பு வந்தது. நீண்ட நாட்களுக்குப் பிறகு வயிற்றிலிருந்து வந்த சிரிப்பு.

"ஒழுகுது சீதேவியக்கா. அதுதான் கட்டிவிட்டனான்."

சீதேவி சிரிக்கவில்லை. எண்பத்தொன்றிலும் அவள்தான் அந்தப் பின்கதவடியில் நின்றாள்.

"தியாகலிங்கம் தம்பிக்குத் தெரியுமோ?"

"அவருக்கு ஏன்?"

"நல்லா யோசிச்சுத்தான் செய்யிறியோ?"

"ஒன்பது வருசம் யோசிச்சனான்."

பத்தரைக்கு வாடகைக் கார் வந்தது. அதற்குள் ஐயர் வந்து வீடெங்கும் புண்ணியதானத் தண்ணீர் தெளித்து, பிள்ளைக்குத் தலைமயிர் இறக்கி, குளிக்க வார்த்து, அரைநாண் கட்டியாகிவிட்டது. சறோஜினிதேவி இறங்கினாள். கழுத்தில் கமரா தொங்கியது. கன்னத்தில் பழைய சதை இல்லை, மூக்கு நீண்டிருந்தது. தியாகலிங்கம் படலையடியிலேயே கடிதவுறையை இரண்டு கையாலும் கொடுத்தான். அவள் அதை வாங்கிக் கைப்பைக்குள் வைத்துப் பூட்டினாள். அந்தப் பூட்டுச் சத்தத்தைக் கேட்டு அவன் மூச்சு விட்டதை நாகபூசணி விறாந்தையில் இருந்து பார்த்தாள்.

"அச்சா, தகப்பனை உரிச்சு வைச்சிருக்கு," என்று சறோஜினிதேவி பிள்ளையைத் தூக்கினாள். உடனே கையைப் பார்த்தாள். "ஐயோ, நனைஞ்சு போச்சு. என்ன நாகம், இன்னும் சீலைத்துண்டோ? நான் அனுப்பினது வரேல்லையே?"

"வந்ததக்கா. பெரிய உதவி."

"அப்ப எங்கை?"

"குசினியிலை இருக்கு. நீங்களே போய் எடுங்கோவன். நான் பிள்ளையைப் பிடிக்கிறன்."

அந்த மூன்று வசனத்தையும் அவள் காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். குரல் பிசகவில்லை.

சறோஜினிதேவி குசினி வாசலில் நின்றாள்.

உள்ளே பக்கத்து வீட்டுக் கமலாதேவி ரசப்பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் மடித்த நாப்பி. ஒன்றும் அறியாதவள்.

"வாங்கோ சறோக்கா! எப்ப வந்தனீங்கள்? இது கனடாச் சாமானோ? அருமையான பிடிதுணி. கை கொஞ்சமும் சுடேல்லை."

மூலையில் பானை இருந்தது. அதன் இடுப்பில் வெள்ளை நாப்பி இறுக்கமாக ஒட்டியிருந்தது. கீழே கிடந்த நாலும் தண்ணீர் குடித்துத் தலையணை மாதிரி ஊதியிருந்தன.

சறோஜினிதேவி திரும்பினாள். நாகபூசணி பிள்ளையோடு பின்னால் நின்றாள்.

"உமக்கென்ன விசரோ?"

"ஏனக்கா?"

"பிள்ளைக்கெண்டு காவிக்கொண்டு வந்ததை..."

"நானும் பிள்ளைக்கெண்டுதான் கொண்டு வந்தனான். எண்பத்தொண்டு ஆவணி. இதே குசினி. இதே பானை."

சறோஜினிதேவியின் முகத்தில் ஒன்றும் இல்லை. அவளுக்கு நினைவில்லை. நாகபூசணி எதிர்பாராதது அதுதான். ஒன்பது வருடம் தான் படுக்கையில் வைத்துப் புரட்டியதை, செய்தவள் அடுத்த கிழமையே மறந்திருக்கிறாள்.

"பதினெட்டுத் துண்டு," என்றாள் நாகபூசணி. "என்ரை ரெண்டு சீலை. என்ரை அப்புவின்ரை வேட்டி. பச்சைக்கரை."

மெதுவாக நினைவு வந்தது. வந்ததும் சறோஜினிதேவி கதவு நிலையைப் பிடித்தாள்.

"அதையோ? அதையோ இவ்வளவு காலம் வைச்சுக்கொண்டிருந்தனீர்?"

"வைச்சிருக்கத்தானே தந்தனீங்கள்."

கமலாதேவி ரசப்பானையை நிலத்தில் வைத்தாள். வெளியே பேச்சுக் குறைந்தது. தியாகலிங்கம் வாசலுக்கு வந்துவிட்டான். பானையைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான்.

"எனக்கு அதுக்கு முதல் ரெண்டு தங்கேல்லை, நாகம்," என்றாள் சறோஜினிதேவி. குரல் இறங்கியிருந்தது. "ஒண்டு எட்டு மாசத்திலை. மற்றது பிறந்து பதினோராம் நாள். ஆர் என்ன சொன்னாலும் எனக்குப் பயம். நாய் ஊளையிட்டாலும் பயம். உம்மை மட்டும் சொல்லிப் பயந்ததில்லை."

அது பொய்யில்லை. நாகபூசணிக்கும் தெரியும். அந்தப் பதினோராம் நாள் குழந்தையைத் துணி சுற்றிக் கொண்டுபோனபோது அவளும் அழுதாள்.

"பயந்தா மடிச்சு அலுமாரியிலை வைச்சிருக்கலாம். திருப்பித் தந்திருக்கலாம். பயம் உங்களுக்கு எண்டா, எங்கடை அப்புவின்ரை வேட்டியாலை ஏன் ரசப்பானை இறக்கினனீங்கள்?"

சறோஜினிதேவி பானையைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். பழைய சறோஜினிதேவி திரும்பி வந்துவிட்டாள்.

"சரி. நானும் செய்தன். நீரும் செய்திட்டீர். இத்தனை சனத்துக்கு முன்னாலை செய்திட்டீர். விடுவம். இப்ப பெட்டியிலை ஒண்டை எடுத்துப் பிள்ளைக்குக் கட்டும். ஒரு படம் எடுப்பம். அவர் கேட்டவர். பேப்பரை நான் கொண்டுபோறன்."

பெரிய காரியமில்லை. குசினியில் நின்ற எல்லாருக்கும் அப்படித்தான் பட்டது. கமலாதேவி விறகடியில் இருந்த பெட்டிக்குக் கைநீட்டிவிட்டாள்.

"கட்டும் நாகம்," என்றான் தியாகலிங்கம். "ஒரு துண்டு."

நாகபூசணி யோசித்தாள். ஒரு நாப்பி ஒரு மணித்தியாலத்தில் பிள்ளையை ஒன்றும் செய்யாது. படம் எடுத்தபின் கழற்றலாம். கனடா போகலாம். போனால் முதலில் இறங்குவது இவளுடைய வீட்டில். அங்கே அலுமாரியில் இந்தப் படம் இருக்கும். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டப்படும். நான் கொண்டுபோய்க் குடுத்தனான், பாவம், அதுகள் அங்கை சீலைத்துண்டு கட்டிக்கொண்டு கிடந்ததுகள் என்று சறோஜினிதேவி சொல்லுவாள்.

அதையும் தாங்கலாம் என்று ஒரு மனம் சொன்னது. அவள் கணவனின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்துக்காகத் தாங்கலாம்.

பிறகு ரசத்தின் சுவை வந்தது.

அவள் பிள்ளையைப் பாயில் கிடத்தினாள். நனைந்த துண்டை அவிழ்த்தாள். கொடியில் இருந்து காய்ந்த துண்டு ஒன்றை எடுத்து, முக்கோணமாக மடித்து, பிள்ளையின் இடுப்புக்குக் கீழே வைத்தாள். ஒரு முனையைக் கால்களுக்கு நடுவால் எடுத்தாள். மற்ற இரண்டையும் கொண்டுவந்து முடிச்சுப் போட்டாள். அவசரப்படவில்லை. முடிச்சுக்குள் விரல் விட்டு இறுக்கம் பார்த்தாள். பிள்ளை காலை உதைத்துச் சிரித்தது.

"படம் எடுங்கோ அக்கா," என்றாள்.

சறோஜினிதேவி கமராவை மூடினாள். கைப்பையைத் திறந்தாள். பழுப்பு நிறக் கடிதவுறையை எடுத்துக் கதிரையில் வைத்தாள்.

"உமக்குச் சீலைதான் வேணுமெண்டா இஞ்சையே இருந்து தோயும்."

"மச்சாள்," என்றான் தியாகலிங்கம். "மச்சாள், சாப்பிட்டிட்டு..."

அவள் சாப்பிடவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. கார் திரும்பிப் போகும்போது எழும்பிய புழுதி பந்திக்குப் போட்டிருந்த வாழையிலைகளில் படிந்தது. கமலாதேவி மறுபடி ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

வந்தவர்கள் சாப்பிட்டார்கள். தியாகலிங்கமே பரிமாறினான். அரியநாயகம் மாஸ்ரர் முதல்முறையாக ஒரு பகிடியும் விடாமல் எழும்பிப் போனார். இரண்டு மணிக்கு வீடு வெறித்துப் போனது.

தியாகலிங்கம் குசினிக்குள் வந்து, பானையைச் சுற்றியிருந்த நாப்பியைக் கழற்றினான். அது கையில் கனத்தது.

"இப்ப வயிறு நிறைஞ்சுதோ?"

"ஓம்," என்றாள் நாகபூசணி.

"எனக்கு ஒரு வசனம் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா மறிச்சிருப்பியள்."

"மறிச்சிருப்பன்தான். உமக்குப் பச்சைக்கரை. எனக்கு என்ன கரை எண்டு நீர் கேட்டனீரே? அடுத்தமுறை என்னைக் கொண்டுபோனா ஆர் திருப்பி விடுவினம்?"

அவள் வாயைத் திறந்தாள்; பிள்ளை அழுதது. பால் கொடுக்க அறைக்குள் போனாள். பால் குடித்தபடியே பிள்ளை தூங்கியது. அவளும் தூங்கிவிட்டாள். ஒன்பது வருடத்தில் அப்படி ஒரு தூக்கம் வந்ததில்லை.

எழும்பியபோது ஐந்து மணி தாண்டியிருந்தது. வீட்டில் சத்தமில்லை. சைக்கிள் சுவரோடு சாத்தியிருந்தது. படலையில் அரியநாயகம் மாஸ்ரர் நின்றார்.

"தம்பி நாலேகால் பஸ்ஸிலை ஏறினவர். யாழ்ப்பாணத்துக்கோ எண்டு கேட்டன். ஓம் எண்டவர். கையிலை ஒரு பை. திரும்ப எப்ப எண்டு கேட்டன், அதுக்கு ஒண்டும் சொல்லேல்லை. உமக்குத் தெரியும்தானே, பிள்ளை?"

"தெரியும்," என்றாள் நாகபூசணி.

உள்ளே வந்தாள். கதிரையில் கடிதவுறை இல்லை. அலுமாரி திறந்திருந்தது. இரண்டு வெள்ளைச் சேட்டுகளும் அவன் கலியாண வீடுகளுக்குப் போடும் நீளக் காற்சட்டையும் இல்லை.

கட்டிலின் மேல் நாலு தாள் இருந்தது. ஒன்று அவளுடைய பிறப்புச் சான்றிதழ். ஒன்று பிள்ளையுடையது. ஒன்று கலியாணப் பதிவு. மற்றது மூன்று பேருக்கும் சேர்த்து நிரப்பிய படிவம்.

தியாகலிங்கத்தின் பிறப்புச் சான்றிதழை அவன் கொண்டுபோயிருந்தான். கடைசி பஸ் ஆறு இருபதுக்கு வந்தது. அதில் அவன் வரவில்லை.